பழைய மாடித் தளத்துக்கு நீர்காப்புப் பூச்சு: முதன்முறை செய்வோருக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் ஐப்பசி அடைமழை தொடங்கிய சில நாள்களில் சீலிங்கில் பழுப்பு நிற வட்டம் ஒன்று தோன்றுவது பலருக்கும் பழகிப்போன காட்சி. அதைக் கண்டதும் கடைக்குப் போய் ஒரு வாளி வெள்ளைப் பூச்சு வாங்கி வந்து, மழை விட்ட இரண்டு நாள் இடைவெளியில் மொட்டை மாடி முழுக்கப் பூசிவிடுகிறோம். அடுத்த ஆண்டு அது பொருக்குப் பொருக்காக உரியும்போது, பூச்சு தரமற்றது என்று முடிவு கட்டுகிறோம். நான் பார்த்த தளங்களில் குறை பூச்சில் இருந்தது அரிது. பூச்சுக்கு அடியில் இருந்த ஈரத்திலும், அடைக்காமல் விட்ட விரிசலிலும், தண்ணீர் ஓட வழியில்லாத பள்ளத்திலும்தான் இருந்தது. பழைய தளத்தைச் சீராக்கும் வேலையில் பூச்சு கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளுக்கே இந்தக் கட்டுரையில் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தளத்தின் வகையை அறியுங்கள்

1970-களுக்குப் பின் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இருக்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலக் கனத்தில் இட்ட வெதரிங் கோர்ஸும், அதற்கு மேல் தட்டோடும் பதித்திருப்பார்கள். வெயிலைத் தாங்குவதற்கும் தண்ணீரை வாட்டமாக ஓடவிடுவதற்கும் அந்த அடுக்கு மிக நல்ல ஏற்பாடு. ஆனால் தட்டோடுகளின் இணைப்புகள் ஒருமுறை திறந்துகொண்டால், அதே சுண்ணாம்பு ஜல்லி அடுக்கு மழைநீரை ஒரு பஞ்சைப் போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழை நின்று ஒரு வாரம் கழித்தும் சீலிங்கில் சொட்டுவதற்கு இதுதான் காரணம்.

அதைவிடப் பழைய வீடுகளில் தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருக்கலாம். சில ஊர்களில் இதைக் கட்டைக்குத்துத் தளம் என்பார்கள். இந்தத் தளத்துக்கு இக்கட்டுரையில் சொல்லும் பூச்சுகளைப் பூச வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். சுண்ணாம்பும் மரமும் ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் வெளிவிட்டு, அப்படியே நூறாண்டு நிற்பவை. மேலே காற்றும் ஆவியும் புகாத தோல் ஒன்றைப் போர்த்தினால் உள்ளே புகும் ஈரம் வெளியேற வழியின்றி உத்திரத்தின் முனைகளில் தங்கும். மரம் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உளுக்கும். அத்தகைய தளத்துக்குக் கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புக் கலவையால் பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனாரையே தேட வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேய்ந்த கூரையை உலர்ந்த நிலையில் கம்பிப் பிரஷால் தேய்க்கவோ துளையிடவோ கூடாது; அதன் இழைகள் நுரையீரலுக்குக் கேடு செய்பவை. சீமை ஓட்டுக் கூரையில் உடைந்த ஓட்டை மாற்றுவதே போதுமான பழுது. இனி வருவன அனைத்தும் கான்கிரீட் தளத்தைப் பற்றியவை.

பூச்சு தீர்க்காத நோய்

வேலையை மாடியில் தொடங்காமல் வீட்டுக்குள் தொடங்குங்கள். ஒரு சிறு சுத்தியல் அல்லது மரக்கட்டையால் சீலிங்கை அங்கங்கே மெல்லத் தட்டிப் பாருங்கள். கெட்டியான கான்கிரீட் இறுகிய ஒலி தரும். உள்ளே பிரிந்துபோன இடம் வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். கம்பி துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகி, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கம்பி செல்லும் வழியிலேயே நேர்கோட்டு விரிசல் இருந்தாலோ, சிமெண்ட் பெயர்ந்து துருக்கம்பி வெளியே தெரிந்தாலோ, கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிய பிறகே மேற்கொண்டு எதையும் செய்யுங்கள். அந்த நிலையில் மேலே பூசும் பூச்சு நோயை மறைக்குமே தவிர நிறுத்தாது, அடியில் படுத்துறங்குபவர்களின் தலையில் பெயர்ந்து விழக்கூடிய நோய் அது.

தண்ணீர் எங்கே நுழைகிறது

சீலிங்கில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தட்டோட்டுக்கு அடியில் புகுந்த தண்ணீர், கான்கிரீட்டின் மேற்பரப்பில் வாட்டம் பார்த்து ஓடி, பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு நுண்விரிசல் கிடைத்த இடத்தில் இறங்கும். கான்கிரீட்டுக்குள் பதித்த மின்குழாயில் புகுந்துவிட்டால் ஃபேன் மாட்டிய கொக்கியின் வழியாகச் சொட்டும். அப்படிச் சொட்டினால் அந்த இணைப்பின் மின்சாரத்தை உடனே நிறுத்திவிட வேண்டும்.

மாடியில் நீங்கள் தேட வேண்டிய இடங்கள் சிலவே. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் முதல் சந்தேகத்துக்குரியது. சுவர் ஒரு விதமாகவும் தளம் ஒரு விதமாகவும் சூட்டில் அசைவதால் அங்கே மயிரிழை விரிசல் வராத பழைய வீட்டை நான் கண்டதில்லை. அடுத்தது மழைநீர்க் குழாயின் வாய். அதற்கடுத்து, தளத்தைத் துளைத்துக்கொண்டு வரும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் காற்றுக் குழாய், டிஷ் ஆன்டெனாவுக்காக அடித்த போல்ட், நாள்தோறும் நிரம்பி வழியும் தண்ணீர்த் தொட்டியின் அடி, ஏ.சி. எந்திரத்திலிருந்து ஓயாமல் சொட்டும் நீர் விழுமிடம் ஆகியவை. கைப்பிடிச் சுவரின் தலைப்பையும் மறக்காமல் பாருங்கள். அங்கே அரசங்கன்று ஒன்று இரண்டு இலை விட்டு நின்றால், அதன் வேர் அதற்குள் ஓர் அடி ஆழம் போயிருக்கும். இலையைக் கிள்ளிப் போட்டால் மறுபடி துளிர்க்கும். அங்குள்ள சுவர்ப்பூச்சைச் சற்றுக் கொத்தி வேரோடு எடுத்து, அந்த இடத்தை நன்றாக அடைக்க வேண்டும்.

பிறகு ஒரு வாளித் தண்ணீரை மாடியின் மேட்டுப் பக்கத்தில் ஊற்றி, அது எந்த வழியாக ஓடுகிறது, எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். தளத்துக்கு நூறடிக்கு ஓர் அடியாவது வாட்டம் இருக்க வேண்டும். மழை நின்று இரண்டு நாளாகியும் வற்றாத குட்டை இருந்தால், அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் பூச்சு பூசுவது வீண் செலவு.

கசிவு இடம் இன்னும் பிடிபடாவிட்டால், மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்துப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் காத்திருந்து சீலிங்கைப் பார்க்கும் சோதனை உண்டு. ஓர் அங்குல உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ கனக்கும் என்பதை நினைவில் வைத்து, பழைய தளத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். கம்பி துருப்பிடித்த தளத்தில் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

காலமும் ஈரமும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. தளம் குடித்த நீர் வெளியேற அதன்பின் குறைந்தது ஆறு வாரமாவது வெயில் வேண்டும் என்பதால், மாசியும் பங்குனியும் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை. மார்கழி, தை மாதங்களில் காலைப் பனியில் தளம் நனைந்திருக்கும். ஆடியில் மழை குறைவுதான் என்றாலும், காற்று அள்ளி வரும் புழுதியும் சருகும் ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை பெறும் கன்னியாகுமரி, நீலகிரிப் பகுதியினர் ஜூனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இந்த ஈரத்தைப் பற்றி நான் பாடம் கற்றது எங்கள் சொந்த வீட்டில். கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் வெயில் அடித்தது, தட்டோடு வெள்ளையாகக் காய்ந்து தெரிந்தது. அதை நம்பி இரண்டு கோட்டு பூசிவிட்டோம். பங்குனி வெயிலில் மாடிக்குப் போனபோது, தளமெங்கும் அப்பளம் பொரிந்ததுபோல் கொப்புளங்கள் எழும்பி நின்றன. ஒன்றை ஆணியால் குத்தினேன்; வெதுவெதுப்பான தண்ணீர் சுண்ணாம்பு வாடையோடு கசிந்து வந்தது. ஐந்து மாதம் முன்பு அடைபட்ட மழைத் தண்ணீர் அது. மேற்பரப்பு உலர்ந்திருந்ததே தவிர, அடியிலிருந்த ஜல்லி அடுக்கு உலரவில்லை. வெயிலில் ஆவியானபோது வெளியேற இடமின்றிப் பூச்சைத் தூக்கிவிட்டது.

இதைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கண்ணாடிபோல் தெளிவான பாலிதீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் தளத்தில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு வையுங்கள். தாளின் அடிப்பக்கத்தில் வியர்வைபோல் நீர்த்துளி படிந்தாலோ, தளத்தின் நிறம் அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்தாலோ, உள்ளே ஈரம் இருக்கிறது. இதை நிழல் விழும் மூலையிலும், தேங்கும் இடமாகக் குறித்த பள்ளத்திலும் செய்து பாருங்கள். திறந்த வெயில்வெளியில் மட்டும் செய்தால் ஏமாந்துபோவீர்கள்.

சுத்தமும் அடைப்பும்

பாசி படிந்த தளத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, கம்பிப் பிரஷால் தேய்த்து, வண்டி கழுவும் அழுத்தக் குழாயோ அதுபோன்ற வேகமான நீரோ கொண்டு கழுவுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது பாசியோடு சிமெண்டையும் சுண்ணாம்பையும் சேர்த்தே அரிக்கும். கழுவும் நாளில் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும் குழாயைக் கழற்றி, நீரை வெளியே திருப்பிவிடுங்கள். முந்தைய பூச்சு இருந்தால், கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, அதன்மேல் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பூச்சு டேப்போடு வந்தால் முழுவதையும் சுரண்டியெடுக்க வேண்டும். விரிசல்களில் யாரேனும் முன்பு தார் ஊற்றியிருந்தால் அதையும் நீக்குங்கள். வெள்ளைப் பூச்சு தாரின்மேல் பிடிக்காது, பிடித்தாலும் பழுப்புக் கறை மேலே ஊறி வரும்.

இப்போது தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி தரும் ஓடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். மாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படி ஒலித்தால், ஒட்டுப்போடுவதைவிட வெதரிங் கோர்ஸ் முழுவதையும் எடுத்துவிட்டு, கான்கிரீட்டின்மேல் நேரடியாக நீர்காப்புச் செய்து, பிறகு ஓடு பதிப்பதே சரி என்பது என் கருத்து. பழையதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு ஜல்லி அடுக்குப் போடலாம் என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று அங்குல அடுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் கனம் கூட்டும். நாற்பது ஆண்டுத் தளத்துக்கு அது தேவையற்ற பாரம்.

விரிசல்களைச் சிமெண்ட் பால் ஊற்றி மூடுவது பரவலான வழக்கம், ஆனால் பயனற்றது. பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். இரவில் மறுபடி சுருங்கும். நாள்தோறும் நடக்கும் இந்த அசைவில், இழுபடத் தெரியாத சிமெண்ட் முதல் கோடையிலேயே மறுபடி பிளக்கும். விரிசலை உளியாலோ கட்டர் எந்திரத்தாலோ கால் அங்குல அகலம், கால் அங்குல ஆழத்துக்குத் திறந்து, தூசியை ஊதி எடுத்து, பாலியூரிதேன் சீலண்ட் போன்று ரப்பர்போல் இழுபடும் பொருளால் நிரப்புங்கள். அசைவில்லாத பள்ளங்களையும் பெயர்ந்த இடங்களையும் பாலிமர் திரவம் கலந்த சிமெண்ட் சாந்தால் வாட்டம் பார்த்து நிரப்பலாம். அந்தச் சாந்தை ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்து நீராற்றி, பிறகு முழுவதும் உலரவிட வேண்டும்.

கைப்பிடிச் சுவர் மூலையைச் செங்கோணமாக விடக் கூடாது. அங்கே பாலிமர் சாந்தால் இரண்டு அங்குல அளவுக்குச் சரிவாக, உள்வளைந்த ஓர் அணை கட்டுங்கள். பூச்சு செங்கோண மூலையில் மடியும் இடத்தில் மெலிந்து கிழியும். வளைவில் ஒரே கனமாக நிற்கும். குழாய்களைச் சுற்றியும் இதையே செய்யுங்கள்.

எந்தப் பூச்சு, எத்தனை லிட்டர்

வீட்டுக்காரர் தாமே பூசுவதற்கு ஏற்றது, தண்ணீர் அடிப்படையிலான, ரப்பர்போல் நீளும் அக்ரிலிக் பூச்சு. வாளியைத் திறந்து கலக்கிப் பூசலாம், வாடை குறைவு, வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பி அறையின் புழுக்கத்தையும் குறைக்கும். அதன் பலவீனம், நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் அது ஊறி இளகிவிடும் என்பதுதான். வாட்டத்தைப் பற்றி முன்பு அவ்வளவு வலியுறுத்தியது இதனால். பாலியூரிதேன் பூச்சு தேங்கும் நீரையும் தாங்கும், கூடுதல் காலம் உழைக்கும். விலை அதிகம், ஈரத்தைச் சிறிதும் பொறுக்காது, பழகிய கை வேண்டும். பவுடரும் திரவமும் கலக்கும் சிமெண்ட் பூச்சு ஓட்டுக்கு அடியில் பூசவும் தொட்டிகளுக்கும் நல்லது. திறந்த வெயிலில் அசையும் தளத்துக்கு அதன் இழுவை போதாது. நெருப்பில் காய்ச்சி ஒட்டும் தார் விரிப்பைப் பயிற்சி பெற்ற ஆளிடம் மட்டுமே விட வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது அளவில். சாதாரணப் பெயிண்டைப்போல் எண்ணி, ஒரு வாளியை எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரம் இழுக்கிறார்கள். கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 30 அடி மாடி 600 சதுர அடி. சுற்றளவு 100 அடி. கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற்றிப் பூச வேண்டும் என்பதால் இன்னும் 100 சதுர அடி. ஆக 700 சதுர அடி, அதாவது 65 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் பூசினால் ஈரத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் நிற்கும். பூச்சில் பாதி நீராக இருந்தால் உலர்ந்தபின் அரை மில்லிமீட்டர் மிஞ்சும். அந்தக் கனம் வேண்டுமென்றால் 65 லிட்டர், அதாவது மூன்று 20 லிட்டர் வாளிக்கும் சற்று மேல் தேவை. ஒரே வாளியில் முடித்தால் மிஞ்சுவது 0.15 மில்லிமீட்டர், எழுதும் தாளைவிடச் சற்றே கனம். அதன்மேல் நாற்காலியை இழுத்தால் கிழிந்துவிடும். வாளியின் மேல் அச்சிட்டிருக்கும் பரப்பளவைப் படிக்கும்போது, அது ஒரு கோட்டுக்கா, எல்லாக் கோட்டுக்கும் சேர்த்தா என்று பார்த்து வாங்குங்கள்.

பூசும் நாள்

பிரைமருக்கு, அதாவது அடிப்பூச்சுக்கு, தனிப் பொருள் இருந்தால் அதையும், இல்லையென்றால் வாளியில் சொல்லியிருக்கும் விகிதத்தில் அதே பூச்சைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தும் முதலில் பூசி உலரவிடுங்கள். பிரைமர் தவிர மற்றக் கோட்டுகளில் தண்ணீர் கலக்கக் கூடாது. ரோலர் இழுக்கக் கனமாக இருக்கிறது என்று வேலையாள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம், கூடவே நின்று தடுக்க வேண்டியிருக்கும்.

மூலைகள், குழாய்ச் சுற்று, நிரப்பிய விரிசல்கள் ஆகியவற்றில் முதலில் பிரஷால் கனமாக ஒரு கை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே நாலங்குல அகலக் கண்ணாடியிழை வலைத் துணியை அழுத்திப் பதித்து, மேலே இன்னொரு கை பூசி மூடுங்கள். வலையின் கண்கள் வெளியே தெரியக் கூடாது, மடிப்பும் சுருக்கமும் இருக்கக் கூடாது. மழைநீர்க் குழாயில் வலையையும் பூச்சையும் குழாய் வாய்க்குள் இரண்டு அங்குலமாவது இறக்குங்கள்; வாயின் விளிம்போடு நிறுத்தியதால் அடியில் நீர் புகுந்த தளங்கள் பல.

பிறகு மாடியைச் சாக்பீஸால் நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய லிட்டரை அளந்து வைத்துக்கொண்டு, மூன்று கோட்டாகப் பூசுங்கள். மேலே கணக்கிட்ட மாடிக்கு ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 22 லிட்டர் வரும். ஒரு கோட்டு வடக்கு தெற்காக என்றால் அடுத்தது கிழக்கு மேற்காக. நடுக் கோட்டில் சிறிது நிறம் கலந்துகொண்டால், விட்டுப்போன இடம் அடுத்த கோட்டில் கண்ணுக்குத் தெரியும். காலையில் பனி உலர்ந்தபின் தொடங்கிப் பத்து மணிக்குள் நிறுத்துங்கள். உச்சிவெயிலில் சுடும் தளத்தில் பூசினால் மேற்புறம் உடனே ஆடைகட்டி, அடியில் ஈரம் சிக்கிக்கொள்ளும். மாலையில் பூசுவதானால், இரவுப் பனிக்கு முன் உலர நேரம் இருக்க வேண்டும். கோட்டுக்குக் கோட்டு வாளியில் சொன்ன இடைவெளி விடுங்கள். அடுத்த நாள் பூசுவது இன்னும் பாதுகாப்பு. வெறுங்காலோடு அல்லது மென்மையான செருப்போடு பின்னோக்கி நடந்து, படிக்கட்டு வாயிலில் வந்து முடியுமாறு திட்டமிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பின்னோக்கி நடப்பது உயிராபத்து. அங்கே விளிம்புப் பகுதியை முதலில் உட்கார்ந்தபடியே பூசி முடித்துவிட வேண்டும்.

பூசிய பிறகு

ஒரு வாரத்துக்கு யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் தண்ணீர் ஊற்றி, முன்பு சாக்பீஸால் குறித்த இடங்களில் இப்போது தேங்குகிறதா என்று சோதியுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயம் என்பதால், உங்கள் மாடி நீர் எங்கோ ஒரு தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகக்கூடும். புதுப் பூச்சின்மேல் விழும் முதல் இரண்டு மூன்று மழை நீரைச் சேகரிக்காமல் வெளியே விடுங்கள்.

வற்றலும் வடகமும் காயவைக்கலாம். துணி விரித்துக் காயவையுங்கள். பூந்தொட்டிகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் ரப்பர்க் கால் வைத்த தாங்கியில் வையுங்கள். தீபாவளிக்கு மாடியில் வெடி வைப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும்: சங்குச் சக்கரம் ஒன்று சுற்றிய இடத்தில் பூச்சு வட்டமாகக் கருகிப் பொத்தலாவதைக் கண்டிருக்கிறேன், அடுத்த வாரமே மழை வந்தது. ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒருநாள் ஒதுக்கி, குழாய் வாயிலுள்ள வேப்பஞ்சருகை அள்ளி, மூலைகளைக் கையால் தடவிப் பார்த்து, கிழிந்த இடத்தில் வலைத் துணியோடு சிறு ஒட்டுப் போடுங்கள். அதற்காக வாங்கும்போதே இரண்டு லிட்டர் கூடுதலாக வாங்கி, மூடியை இறுக்கி நிழலில் வையுங்கள். அக்ரிலிக் பூச்சு மெலிந்து அடியிலுள்ள தட்டோட்டின் சிவப்பு தெரியத் தொடங்கும்போது, உரியும்வரை காத்திராமல் கழுவி உலர்த்தி மேலே ஒரு கோட்டு ஏற்றிவிடுங்கள். பழைய பூச்சு பிடிப்போடு இருக்கும்வரை மேற்கோட்டு ஒன்றே போதும். உரிந்துவிட்டால் சுரண்டுவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.